மழை ஊரிலிருந்து வறண்ட நிலத்துக்கு ஒரு கொண்டைக்கடலை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் ஊரான சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள பால்மரமும் செம்பனையும் ஆண்டு முழுவதும் மழை காண்பவை. வறண்ட நிலம் எப்படியிருக்கும் என்பதை இங்கே பிறந்த பிள்ளைகள் பலர் கண்டதில்லை. ஆயினும் நவராத்திரிச் சுண்டலுக்காக நாம் கடையில் காச்சாங் கூடா என்று கேட்டு வாங்கும் கொண்டைக்கடலை, பெரும்பாலும் மழைக்காலம் முடிந்தபின் மண்ணில் எஞ்சிய ஈரத்தை நம்பி விளைவது. காய் பிடிக்கும் நேரத்தில் அந்த ஈரம் வற்றுவதால் மானாவாரி உழவர் விளைச்சலை இழக்கிறார். உயிரித்தொழில்நுட்பம் பயிலும் நம் மாணவர்கள் அக்குறையைத் தாங்கும் இரகத்தை உருவாக்க விரும்பினால், பின்பற்ற வேண்டிய முறை இது.

முதலில் பெற்றோரைத் தேர்ந்தெடுங்கள். உழவர்கள் ஏற்கெனவே விரும்பி விதைக்கும், மணியின் பருமனும் நிறமும் சந்தைக்குப் பழகிய இரகமே தாயாக இருக்க வேண்டும். அதில் இல்லாத ஒரு குணத்தை மட்டும் கொண்டுவருவதே நம் வேலை. (ஆய்வகத்தில் எளிதாக அளக்க முடிவதையே குறிக்கோளாக வைத்துக்கொள்வது இத்துறையின் பழைய நோய் என்பது என் எண்ணம்.) வறட்சித் தாங்குதிறனுக்கு, ஐசிசி 4958 என்னும் கொண்டைக்கடலை வகை நன்கு அறியப்பட்ட கொடைப் பெற்றோர், அதாவது வேண்டிய குணத்தைத் தரும் செடி. ஆழமாகவும் அடர்த்தியாகவும் இறங்கும் அதன் வேருடன் தொடர்புடைய மரபணுப் பகுதி நான்காம் இணைப்புத் தொகுதியில் (ஒரே குரோமோசோமில் சேர்ந்திருக்கும் மரபணுக்களின் வரிசையில்) உள்ளது. அப்பகுதியைப் பூசா 372 இரகத்தில் சேர்த்து உருவாக்கிய பூசா 10216, 2019இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. கொடைப் பெற்றோரின் விதையை, பயிர் வகைகளின் விதைகளைச் சேமித்து வைக்கும் மரபுவள வங்கியிடமிருந்து ஒப்பந்தத்தின் பேரில் பெறலாம்; மலேசியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதி தேவை.

கலப்பு செய்வது பொறுமையைச் சோதிக்கும். கொண்டைக்கடலைப் பூ விரியும் முன்பே தன்மகரந்தச் சேர்க்கை நடந்துவிடுவதால், மறுநாள் விரியவிருக்கும் மொட்டைத் தேர்ந்து, கூர்மையான இடுக்கியால் இதழை விலக்கி, சூல்முடியில் கீறல் விழாமல் 10 மகரந்தப்பைகளையும் அகற்றி, கொடைச் செடியின் புதிய பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்துத் தடவி, காம்பில் நூல் கட்டி அடையாளமிட வேண்டும். பல பூக்கள் உதிரும். ஆகவே நிறைய மொட்டுகளில் செய்யுங்கள். நம் ஊரின் புழுக்கம் இச்செடிக்கு ஆகாது. குளிரூட்டிய அறையில் விளக்கொளியில் வளர்ப்பதே நல்லது. நாளுக்கு 22 மணி நேர வெளிச்சம் தரும் விரைவு வளர்ப்பு முறையில் ஆண்டுக்கு 6 தலைமுறை வரை எடுத்திருக்கிறார்கள்.

கலப்பில் கிடைத்த செடியை மீண்டும் தாய் இரகத்துடன் கலப்பது பின்கலப்பு. ஒவ்வொரு பின்கலப்பிலும் ஏறத்தாழப் பாதிச் செடிகளில்தான் நாம் தேடும் பகுதி இருக்கும். எவற்றில் இருக்கிறது என்பதை, வேரைத் தோண்டாமலேயே, ஓர் இளம் இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அப்பகுதியை ஒட்டிய மூலக்கூறு அடையாளங்களை (இடத்தைக் காட்டிக்கொடுக்கும் டிஎன்ஏ துண்டுகளை), டிஎன்ஏவைப் பன்மடங்காகப் பெருக்கும் பிசிஆர் முறையில் சோதித்து, பூப்பதற்கு முன்பே அறியலாம். உயிரித்தொழில்நுட்பம் இங்கே செய்யும் பெரிய உதவி இதுவே. வேறோர் உயிரினத்தின் மரபணு எதுவும் உள்ளே வருவதில்லை. பகுதியின் இரு பக்கத்திலும் அடையாளம் வைத்துச் சோதியுங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால், குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும்போது அடையாளம் தங்கிவிட்டு வேருக்கான பகுதி கைநழுவிப் போகக்கூடும்.

தாய் இரகத்தின் மரபுக்கூறு சராசரியாக முதல் பின்கலப்பில் 75 விழுக்காடும், இரண்டாவதில் 87.5 விழுக்காடும், மூன்றாவதில் 93.75 விழுக்காடும் மீளும். மற்ற குரோமோசோம்களையும் சோதித்து, சராசரியை விஞ்சிய செடிகளையே தொடர்ந்தால் ஒரு சுற்று மிச்சமாகும். இறுதியில் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால், நான்கில் ஒரு செடி அப்பகுதியை இரட்டைப் பிரதியாகக் கொண்டிருக்கும். அவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதன்பின் வரும் சோதனையைச் சுங்கை சிப்புட்டில் செய்யவே கூடாது. நனைந்த மண்ணில் ஆழமான வேருக்கு வேலையில்லை. தொட்டியில் அது இறங்கவும் இடமில்லை. மானாவாரிக் கரிசல் நிலத்தில், பல இடங்களில், குறைந்தது இரண்டு பருவங்களில், தாய் இரகத்தைப் பக்கத்திலேயே விதைத்து ஒப்பிட வேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டிலும் புதியது தாயைவிடக் குறைவாக விளையக் கூடாது. குறைந்தால் உழவர் அதைத் தொடமாட்டார். காய் முற்றும் நேரத்தில் அவ்வூர் உழவர்களையும், குறிப்பாக மணியைப் பொறுக்கிச் சேமிக்கும் பெண்களையும் வயலுக்கு அழைத்துக் கருத்துக் கேளுங்கள்.

இப்பயிரின் விதையை உழவரே எடுத்து வைத்து அடுத்த பருவத்தில் விதைக்க முடியும் என்பதால், தேறிய விதையை வேற்று இரகம் கலக்காமல் பெருக்கி, நன்கு உலர்த்தி, பயறு வண்டு புகாத கலனில் அடைத்துக் கொடுங்கள்.