ஏற்றத்தில் நின்றுபோகும் எலக்ட்ரிக் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து என் வீட்டு வாசலில் நிறுத்தினார். பின் சக்கரத்தின் நடுவில் ஹப் மோட்டார், கேரியரில் நீல நிற ஷ்ரிங்க் ஸ்லீவ் சுற்றிய பேட்டரி, ஹேண்டில்பாரில் டிஸ்பிளே. எல்லாம் அவரே மாட்டியது; ஒயரிங் பார்க்க லட்சணமாகவே இருந்தது.

"சேலம் டவுனுக்குள்ள நல்லா ஓடுதுங்கண்ணா. ஏற்காடு ரோட்டுல ரெண்டாவது வளைவுலயே கட் ஆயிருது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மறுபடி ஓடுது. கன்ட்ரோலர் போயிருச்சுங்கறாங்க. புதுசு வாங்கிறலாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைப் பார்த்து அல்ல. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை நான் இன்னொருவரிடம் கேட்டேன். "வாங்கு" என்றார், வாங்கினேன். அந்தக் கன்ட்ரோலர், அதாவது பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை அளந்து விடும் பெட்டி, இன்னும் பரணில்தான் கிடக்கிறது.

பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுக்காதே, மழையில் சார்ஜ் போடாதே என்பதெல்லாம் சைக்கிளை எலக்ட்ரிக் ஆக்க வாங்கும் கிட்டோடு வரும் தாளிலேயே இருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

முன் சக்கரத்தில் மோட்டார்

மாட்டுவதற்குச் சுலபம் என்று பலர் முன் சக்கரக் கிட் வாங்குகிறார்கள். சாதாரண இரும்பு ஃபோர்க் என்றால் ஒப்பேற்றலாம். எம்டிபி எனப்படும் மவுன்டன் பைக்கில் இருப்பது குலுக்கலை வாங்கிக்கொள்ளும் சஸ்பென்ஷன் ஃபோர்க். அதன் நுனியில் ஆக்சில் உட்காரும் காடி அலாயில் வார்த்தது. சக்கரத்தின் பாரத்தைத் தாங்கத்தான் செய்தார்கள், முறுக்கைத் தாங்க அல்ல. மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அதே அளவு முறுக்கு ஆக்சிலைப் பின்னால் திருப்பும். காடி விட்டுக்கொடுத்தால் ஆக்சில் சுழன்று ஒயரைத் திருகி அறுக்கும். அதோடு போனால் அதிர்ஷ்டம். சில நேரம் சக்கரமே கழன்று வரும்.

பின் சக்கரத்தில் போடுங்கள், அங்கேயும் ஆக்சில் சுழலாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் மாட்டுங்கள். வாங்கும் முன் பின் ஃபோர்க்கின் உள் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பழைய எம்டிபிகளில் 135 மில்லிமீட்டர். இன்னொன்று, விலை குறைந்த கிட்களின் மோட்டாரில் மரையிட்டுத் திருகும் ஃப்ரீவீல் என்ற பல்சக்கரத் தொகுதிதான் ஏறும். உங்கள் சைக்கிளில் திருகாமல் செருகும் கேசட் இருந்தால் அது அதில் உட்காராது.

லெட் ஆசிட்

மூன்று 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி சேர்ந்தால் ஏழு கிலோ. வேகமாக இழுத்தால் எழுதியிருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தரும். வேண்டாம்.

ஸ்டிக்கரில் இருக்கும் ஏஎச்சை நம்பி பேட்டரி வாங்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. காசு போனதுகூடப் பரவாயில்லை, மூன்று மாதம் தப்பான இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

நான் வாங்கியது 36 வோல்ட் 10 ஏஎச் லித்தியம் பேக். ஸ்டிக்கர் அப்படித்தான் சொன்னது. சமதரையில் ஒரு குறையும் இல்லை. மலையில் ஏறினால் கட். முதலில் கன்ட்ரோலரை மாற்றினேன். அப்புறம் ஹேண்டில்பாரில் இருக்கும் ஆக்சிலரேட்டரான த்ராட்டிலை. அப்புறம் மோட்டாரையே பிரித்து, சுழற்சியைக் கண்டறியும் ஹால் சென்சார் மூன்றையும் மாற்றினேன். சால்டரிங் வைக்கும்போது சுருளின் எனாமலைக் கருக்கியதுதான் மிச்சம். ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. அதே இடத்தில் அதே கட்.

கடைசியில் மல்டிமீட்டரை ரப்பர் பேண்ட் போட்டு ஹேண்டில்பாரில் கட்டி, பேட்டரி ஒயரில் முனைகளைக் கொடுத்து ஏறினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. அடிவாரத்தில் 38 வோல்ட். ஏற்றம் தொடங்கியதும் 35, 33, 31. 30.4-இல் மோட்டார் நின்றது. த்ராட்டிலை விட்டதும் மீட்டர் சட்டென்று 37-க்கு ஏறியது. கன்ட்ரோலரில் கோளாறே இல்லை. 36 வோல்ட் கன்ட்ரோலர்கள் 30, 31 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைக் காப்பாற்ற நின்றுவிடும். பாவம், அது தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

கணக்கு எளிது. ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே கொஞ்சம் மின்தடை உண்டு. பத்து செல் தொடராகவும் நான்கு செல் இணையாகவும் கட்டிய பேக்கில் நல்ல செல் இருந்தால் மொத்தத் தடை 0.12 ஓம் அளவில் வரும். 15 ஆம்பியர் இழுத்தால் இரண்டு வோல்ட்கூட இறங்காது. பழைய செல் என்றால் அரை ஓம் வரை போகும். 15 ஆம்பியருக்கு ஏழரை வோல்ட் இறக்கம். 38-இல் ஏழரை போனால் என்ன மிச்சம்? சமதரையில் மோட்டார் ஐந்து ஆம்பியர்தான் கேட்கும், இறக்கம் இரண்டரை வோல்ட்டோடு நின்றுவிடும். அதனால்தான் டவுனுக்குள் ஓடுகிறது, மலையில் படுத்துவிடுகிறது.

பேக்கைப் பிரித்தேன். நாற்பது செல், மூன்று நிறம். சிலவற்றின் மேல் சுற்றிய ஸ்லீவ் புதிது, அதற்குக் கீழே பழைய ஸ்பாட் வெல்டிங்கைத் தேய்த்த கீறல். லேப்டாப் பேட்டரியிலிருந்து பிடுங்கிய செல்கள் அவை. சிலது அதுவும் இல்லை. மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். நல்ல 2600 எம்ஏஎச் (2.6 ஏஎச்) 18650 செல், அதாவது 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளை, 45 கிராம் அளவில் நிற்கும். என் பேக்கில் 34 கிராம் செல்லும் இருந்தது. இந்த அளவு செல்லில் பெரும்பாலும் 3500 சொச்சம் எம்ஏஎச்தான் உச்சம். 5000, 9900 என்று அச்சிட்டு விற்பது பச்சைப் பொய்.

ஆகவே "எத்தனை ஏஎச்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும், எந்த கம்பெனி செல், என்ன மாடல் எண் என்று கேளுங்கள். உங்கள் கன்ட்ரோலரின் முதுகில் உச்ச ஆம்பியர் எழுதியிருக்கும். 250 வாட் கிட்டில் பெரும்பாலும் 14 அல்லது 15. அதற்கு 20 ஆம்பியர் தொடர்ந்து தரும் பேக் வேண்டும். பேக்குக்குள் செல்களைக் காவல் காக்கும் பிஎம்எஸ் போர்டும் 20-க்குக் குறையக் கூடாது. கடைக்காரர் "அதெல்லாம் தாராளமா இழுக்கும் சார்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கிய பேக்கை மலையில் ஏற்றிப் பார்க்கும் முன் வீட்டிலேயே சோதிக்கலாம். என்னிடம் ஒரு பலகை இருக்கிறது. 12 வோல்ட் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு மூன்றைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட்டுக்குச் சரியாக வரும், நாலரை ஆம்பியர் இழுக்கும். அப்படி மூன்று வரிசை, மொத்தம் ஒன்பது பல்பு, வரிசைக்கு ஒரு சுவிட்ச். மூன்றும் எரிந்தால் கிட்டத்தட்ட 14 ஆம்பியர், அதாவது ஏற்காடு ஏற்றம். ஒன்றாகத் தட்டாதீர்கள், இழை குளிர்ந்திருக்கும்போது பல மடங்கு இழுக்கும், பிஎம்எஸ் பயந்து கட் செய்துவிடும். ஒவ்வொன்றாகப் போடுங்கள். மூன்றும் எரியும்போது வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். முழு சார்ஜில் மூன்று வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் பேக்கைத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் ஒரே வரிசையை மட்டும் எரியவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து நேரத்தைக் குறியுங்கள். 10 ஏஎச் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். என்னுடையது ஒரு மணி பத்து நிமிடத்தில் அணைந்தது. பல்பு தொட முடியாத அளவுக்குச் சுடும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

இதற்குள்ளேயே இன்னொரு தவறு இருக்கிறது. பேக் கட் ஆகிறது என்று சொன்னால் "பிஎம்எஸ்ஸை பைபாஸ் பண்ணிடு" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். அந்தத் தம்பிக்கும் சொல்லியிருக்கிறார்கள். பிஎம்எஸ் இல்லாவிட்டால் பலவீனமான செல் இரண்டு வோல்ட்டுக்கும் கீழே போகும். அப்போது உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து செல்லுக்குள்ளேயே ஷார்ட் உண்டாக்கும். ஓட்டும்போது ஒன்றும் ஆகாது. ராத்திரி ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கும்போதுதான் ஆகும். இதை யோசனையாகச் சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

சரி, எதை வாங்குவது? எடை முக்கியம் என்றால் என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) வகை லித்தியம். நாற்பது செல், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், 10 ஏஎச். நான் இப்போது ஓட்டுவது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்). 32700 அளவு செல், ஒன்று 6 ஏஎச், ஏறக்குறைய 140 கிராம். பன்னிரண்டு தொடர், இரண்டு இணை, ஆக 24 செல், 12 ஏஎச். பெட்டியோடு நாலு கிலோ வருகிறது. சேலத்து வெயிலை என்எம்சியைவிட நன்றாகத் தாங்குகிறது, சார்ஜ் சுற்றுகளும் பல மடங்கு. இந்த ஊருக்கு எல்எஃப்பிதான் என்பேன். எடையைப் பற்றிப் புலம்புபவர்கள் முதலில் டிஃபன் பையைக் குறைக்கட்டும்.

எத்தனை வாட்-அவர் (வோல்ட்டை ஏஎச்சால் பெருக்கினால் வருவது) தேவை என்பதையும் மலையை வைத்தே பாருங்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம், 20 கொண்டை ஊசி வளைவு. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால் தூக்கி வைக்க மட்டுமே 270 வாட்-அவர். மோட்டார் சூட்டில் போவதையும் சேர்த்தால் 350-ஐத் தாண்டும். 36 வோல்ட் 10 ஏஎச் என்பது உண்மையாகவே 10 ஏஎச்சாக இருந்தாலும் 360 வாட்-அவர்தான். மிதிக்காமல் மேலே போய்ச் சேரலாம் என்ற கனவு அங்கேயே முடிகிறது.

தம்பியின் பேக்கையும் பலகையில் மாட்டினோம். இரண்டாவது வரிசையைப் போட்டதுமே 39-லிருந்து 32. மூன்றாவதைப் போட வேண்டிய தேவை வரவில்லை. புது பேக் வாங்கினால் சோதித்துப் பார்க்கிறேன் என்று பலகையை எடுத்துப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.

சார்ஜரை மாற்றிப் போடுவது

என்எம்சி சார்ஜர், எல்எஃப்பி சார்ஜர் இரண்டுமே "36 வோல்ட்" என்றுதான் விற்கும், செருகும் முனையும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் என்எம்சி பத்து செல் பேக்குக்கு முழு சார்ஜ் 42 வோல்ட், எல்எஃப்பி பன்னிரண்டு செல்லுக்கு 43.8. எல்எஃப்பி சார்ஜரை என்எம்சியில் குத்தினால் செல்லுக்கு 4.38 வோல்ட் வரும், 4.2-க்கு மேல் போகவே கூடாது. அந்த இடைவெளியில் உங்களைக் காப்பாற்ற பிஎம்எஸ் ஒன்றுதான் நிற்கும். நான் சார்ஜர் தலையில் ஒன்றுக்குச் சிவப்பு டேப், ஒன்றுக்குப் பச்சை டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

கேரியரில் பேட்டரி

சீட் கம்பியில் கவ்வும் கேரியர் குலுங்கிக்கொண்டே இருக்கும். குழியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் செல்களை இணைக்கும் நிக்கல் பட்டியின் வெல்டிங் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் வைத்துக் கட்டுங்கள். பின் சஸ்பென்ஷன் உள்ள எம்டிபியில் அந்த முக்கோணத்தில் இடமே இருக்காது, அந்த வண்டியைக் கன்வெர்ஷனுக்கே எடுக்காதீர்கள். ஒயர் மோட்டாருக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு தொங்கவிடுங்கள். மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

1000 வாட் ஆசை

250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உள்ளே இருந்தால்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது சைக்கிள். அதற்கு மேல் போனால் நம்பர் பிளேட் இல்லாத மோட்டார் வாகனம்.

காலியாக வைத்துவிட்டு மறந்துபோவது

ஐப்பசி மழைக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தை மாதம் எடுப்பவர்கள் உண்டு. பிஎம்எஸ் சும்மா இருக்கும்போதும் துளித்துளியாக இழுக்கும். காலியான பேக் இரண்டு மூன்று மாதத்தில் செத்துப்போக அது போதும். பாதி சார்ஜில் வையுங்கள், டிஸ்பிளே ஒயரைக் கழற்றிவிடுங்கள், மாதம் ஒருமுறை வோல்ட் பாருங்கள். மொட்டை மாடி ஷெட்டில் வைக்க வேண்டாம், கட்டிலுக்கு அடியிலும் வேண்டாம்.

பிரேக்

ஏறியது இறங்க வேண்டும். முன்னால் டிஸ்க், இல்லாவிட்டால் புது பிரேக் கட்டையாவது போட்டுவிட்டு ஏறுங்கள்.