பழைய படத்தில் இருக்கும் டைகர்கேட் எந்த வகை?

முதலில் அது 1940களின் அமெரிக்க இரட்டை எஞ்சின் போர் விமானமான கிரம்மன் எஃப்7எஃப் டைகர்கேட்தானா என்று உறுதிசெய்யுங்கள். பிரிட்டிஷ் சீ ஹார்னெட்டும் அதே காலத்து இரட்டை எஞ்சின் கடற்படை விமானம்தான். ஆனால் அதன் மெர்லின் எஞ்சின் கூடு ஒல்லி, புரொப்பல்லருக்கு நான்கு இதழ், பின்னால் வால்சக்கரம். டைகர்கேட்டில் 18 சிலிண்டர் ஆர்-2800 எஞ்சின். அதனால் எஞ்சின் முகப்பு வட்டமாக அகன்றிருக்கும். மூன்று இதழ், மூக்குச் சக்கரம்.

அடுத்து விமானியின் முதுகுக்குப் பின்னால் பாருங்கள். தனியாக இன்னொரு கண்ணாடி மூடி இருந்தால் ரேடார் இயக்குபவரின் இருக்கை, அதாவது இரவுப் போர் விமானம். ஒற்றை இருக்கை என்றால் பெரும்பாலும் -1 அல்லது -3 (எஃப்7எஃப் பெயருக்குப் பின்வரும் வகை எண்; 'என்' சேர்ந்தால் இரவு வகை). இவ்விரண்டையும் பிரிப்பது செங்குத்து வால்தான்: -3 முதல் அது உயர்ந்து பெரிதாகிறது. சாய்கோணப் படத்தில் வாலின் உயரம் ஏமாற்றும். பக்கவாட்டுப் படம் கிடைக்கும்வரை முடிவு சொல்லாதீர்கள்.

இரட்டை இருக்கையில் குட்டை மூக்கும் சிறிய வாலும் இருந்தால் -2என். மூக்கு நீண்டு பருத்து, வாலும் பெரிதாக இருந்தால் -3என் அல்லது -4என். அந்த மூக்கில் ரேடார் ஏறியதால் அங்கிருந்த நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் போய்விட்டன. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் உள்ள 20 மி.மீ. பீரங்கிகள் நான்கும் அப்படியே இருக்கும்.

உடலின் பின்பகுதியில் பொடி எழுத்தில் உள்ள வரிசை எண் தெரிந்தால் நல்லது. 80294–80358 வரை -2என், 80359–80547 வரை -3, 80549–80608 வரை -3என், 80609–80620 வரை -4என். பலர் சறுக்குவது இங்கேதான். -3 ஆகப் பிறந்த பல விமானங்களைப் பிறகு -3என் ஆக மாற்றினார்கள். எண்ணும் மூக்கும் முரண்பட்டால் மூக்கை நம்புங்கள். எண் பிறப்பை மட்டுமே சொல்லும்.

வால்கொக்கியை (கப்பல் தளத்தில் இறங்கும்போது கம்பியைப் பிடிக்கும் கொக்கி) வைத்துக் கப்பல் விமானம் என்று எழுதிவிடாதீர்கள். 1944 நவம்பரில் ஷாங்ரி-லா விமானந்தாங்கிக் கப்பலில் நடந்த சோதனையில் டைகர்கேட் தேறவில்லை: ஒரு எஞ்சின் நின்றால் திசை நிலைக்கவில்லை, கொக்கி அமைப்பிலும் கோளாறு. திருத்தி வந்த -3, பலமாகத் தரையிறங்கியபோது இறக்கை பழுதாகி மறுபடி தோற்றது. உறுதிகூட்டிய -4என் மட்டுமே தேறியது. அதனால்தான் மொத்தம் 364 கட்டியும் பெரும்பாலானவை மரைன் படையின் தரைத்தளங்களிலேயே பறந்தன.

இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டதாகப் படக்குறிப்பு சொன்னால் அதை நீக்குங்கள். மரைன் இரவுப் போர்ப் படைப்பிரிவான விஎம்எஃப்(என்)-533இன் டைகர்கேட்கள் ஓகினாவாவுக்கு வந்து சேர்ந்ததே 1945 ஆகஸ்ட் 14 அன்று. சண்டைப் படம் வேண்டுமானால் கொரியப் போரில், விஎம்எஃப்(என்)-513 பிரிவின் -3என் விமானங்களில் தேடுங்கள். 1951இல் எதிரியின் இரண்டு போ-2 (சோவியத் இரட்டை இறக்கை) விமானங்களை இரவில் வீழ்த்தியது அந்தப் பிரிவுதான்.