குளம் வான் பாய்வதுபோல் அல்ல கருந்துளைத் தாரை: படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரியில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கருந்துளைத் தாரையை, அதாவது கருந்துளைக்கு அருகிலிருந்து மிக வேகமாகப் பீறிடும் ஒடுங்கிய பாய்ச்சலை, விளங்கப்படுத்தும்போது அந்த உவமை இலகுவாக வந்துவிடும்: துணை விண்மீனிலிருந்து வாயு வந்து சேர்கிறது, கருந்துளை விழுங்கியது போக மிஞ்சியது தாரையாகப் பாய்கிறது என்று. இது பிழை. மிஞ்சியதுதான் தாரை என்றால், வரத்துக் கூடிய நாளில் தாரையும் கூடவேண்டும். ஆனால் விழும் வாயு சூடாகி வெளியிடும் எக்ஸ் கதிரின் உச்சத்தை ஒட்டிய நாட்களில்தான் பல தடவை மையத் தாரை நின்றுபோகிறது. வாயு எவ்வளவு விழுகிறது என்பதோடு, என்ன உருவில் விழுகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

எக்ஸ் கதிர் ஒளிர்வு பெரிதாக எழும் சீற்றம் தொடங்கும்போது கருந்துளை வன் நிலையில் இருக்கும். உட்பகுதி வாயு ஐதாகி, மிகச் சூடாகி, உப்பிக் கிடக்கும். உயர்சக்தி எக்ஸ் கதிர்கள் நிறைய வரும். ரேடியோவில் நிலையான தாரை ஒன்று தெரியும். பிறகு, வாயு தட்டையாகச் சுற்றிச் சுற்றி உள்ளே விழும் மெல்லிய திரள் தட்டு உள்வரை வந்து, உள்விளிம்பு ஏறத்தாழ 1 கோடி கெல்வினில் ஒளிரும். இது மென் நிலை. மையத் தாரையின் ரேடியோ ஒளிர்வு நூறு மடங்குக்கு மேலும் விழக்கூடும். தட்டிலிருந்து காற்றாக வெளியேறும் வாயு பெரும்பாலும் இந்த நிலையில்தான் எக்ஸ் கதிர்களில் பதிவாகியிருக்கிறது. உப்பிய பாய்ச்சல் காந்தப் புலத்தை நன்றாகத் தாங்கும், மெல்லிய தட்டில் அது நிலைப்பது கடினம் என்பது பலர் ஏற்கும் விளக்கம். அதை முடிந்த முடிவாக எழுதிவிடக் கூடாது.

அடுத்த தவறு, ஒளிர்வை மட்டும் பார்த்து நிலையைச் சொல்வது. போகும் பாதை வேறு, திரும்பும் பாதை வேறு. வன் நிலையிலிருந்து மென் நிலைக்குப் போவது உயர்ந்த ஒளிர்வில். திரும்புவது எடிங்டன் எல்லையின் (ஒளியின் வெளித்தள்ளல் ஈர்ப்பைச் சமன் செய்யும் ஒளிர்வின்) 1 முதல் 4 சதவீதம் அளவில். 10 சூரிய நிறைக்கு அந்த எல்லை ஏறத்தாழ 1.3×10³² உவாற்று. இடைப்பட்ட ஒளிர்வில் இரண்டு நிலையும் வரலாம்.

ஆகவே வன்மை விகிதம், அதாவது உயர்சக்தி எக்ஸ் கதிரைத் தாழ்சக்தி எக்ஸ் கதிரால் பிரித்த எண், வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2009 முதல் இருக்கும் மாக்ஸி என்ற எக்ஸ் கதிர்க் கருவியின் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இணைய இணைப்பும் ஒரு விரிதாளும் போதும். ஜி.எக்ஸ் 339−4 என்ற கருந்துளையின் 2010ஆம் ஆண்டுச் சீற்றம் பழகுவதற்கு நல்லது. 4–10 கிலோ இலத்திரன்வோல்ற்றுப் பட்டையை 2–4 பட்டையால் பிரித்துக் கிடையச்சில் இடுங்கள். 2–20 மொத்தத்தை நிலையச்சில் இடுங்கள். இரண்டும் மடக்கை அளவில். பிழைகள் நுழைவது இங்கேதான். சீற்றம் இல்லாத நாட்களில் பகுதி எண் பூச்சியத்தை நெருங்கும், சில வேளை மறைப் பெறுமானமாகவும் வரும். விகிதம் தாறுமாறாகப் பாயும். ஏதாவதொரு பட்டையில் அளவீடு தன் வழுவின் 3 மடங்குக்குக் குறைந்தால் அந்தப் புள்ளியை விடுங்கள். பல நாட்களைச் சேர்ப்பதென்றால் ஒவ்வொரு பட்டைக்கும் முதலில் சராசரி எடுத்து, பிறகு பிரியுங்கள். விகிதங்களைச் சராசரியாக்கினால் மோசமான ஒரு நாளே முடிவை இழுத்துவிடும். புள்ளிகளைத் திகதி வரிசையில் கோட்டால் இணையுங்கள். இணைக்காவிட்டால், பாதை இடஞ்சுழியாகச் சுற்றுவது தெரியாது. ஒரு கருந்துளைக்குக் கண்ட எல்லை விகிதத்தை இன்னொன்றுக்கு வைக்க வேண்டாம். இடையிலுள்ள வாயு 2–4 பட்டையைக் கூடுதலாக உறிஞ்சும், அந்த அளவு திசைக்குத் திசை மாறும்.

ரேடியோ வருகிறது, ஆகவே இப்போது தாரை பாய்கிறது என்று முடிவு கட்டுவதும் தவறு. நிலை மாறும் வேளையில் தனித்தனித் திரள்களாகப் பொருள் வீசப்படும். மையம் அடங்கிய பின்னும் அவை ஓடிக்கொண்டே ஒளிரும். எக்ஸ்.ரீ.ஈ ஜே1550−564 என்ற கருந்துளையிலிருந்து 1998இல் வீசப்பட்ட திரள்களைச் சந்திரா தொலைநோக்கி 2000க்குப் பிறகும் எக்ஸ் கதிர்களில் பார்த்தது. ரேடியோ நிறமாலை தட்டையாக இருந்தால் நிலையான தாரை. அதிர்வெண் கூடக் கூடச் சரிந்தால் பெரும்பாலும் விலகியோடும் திரள்.

வன் நிலையில் ரேடியோ ஒளிர்வு எக்ஸ் கதிர் ஒளிர்வின் 0.6–0.7 அடுக்கில் ஏறும். எக்ஸ் கதிர் 10 மடங்கானால் ரேடியோ 4 முதல் 5 மடங்கு. இதை மென் நிலைக்கு நீட்டக் கூடாது. எல்லாக் கருந்துளைக்கும் ஒரே கோடும் இல்லை, 1.4 அடுக்கை ஒட்டிய செங்குத்தான பாதையிலும் சில ஏறுகின்றன. இரண்டு அளவீடும் ஒரே நாளுக்குரியவையாக இருக்கட்டும்.

ரேடியோ மங்கல் என்றால் தாரை பலவீனம் என்றும் எழுதாதீர்கள். சிக்னஸ் எக்ஸ்–1 என்ற கருந்துளையின் தாரை சுற்றுவாயுவில் ஊதிய வளையம் ஒன்று 2005இல் அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து கணித்த தாரை வலு எக்ஸ் கதிர் ஒளிர்வோடு ஒப்பிடத்தக்கது.

ஜி.ஆர்.எஸ் 1915+105 என்ற கருந்துளை வீசிய திரள் ஒளியின் வேகத்தை மிஞ்சியது என்பது இன்னொரு பரவலான பிழை. 1994இல் கண்ட தோற்ற வேகம் ஒளியின் 1.25 மடங்கு. உண்மை வேகம் ஒளியின் 0.92 மடங்கு, பார்வைக் கோட்டோடு கோணம் 70 பாகை என்று போட்டுப் பாருங்கள்: 0.92 × சைன் 70 = 0.86, 1 − 0.92 × கோசைன் 70 = 0.69, முதலாவதை இரண்டாவதால் பிரித்தால் 1.25 வந்துவிடும். திரள் தன் ஒளிக்குப் பின்னாலேயே நம்மை நோக்கி ஓடிவருவதால் இடைநேரம் சுருங்கித் தெரிகிறது.

ஆவணி, புரட்டாதி இரவுகளில் கிளிநொச்சியிலிருந்து சிக்னஸ் எக்ஸ்–1 வட வானில் 64 பாகை வரை ஏறும். பிரகாச அளவு 9 என்பதால், விளக்கொளி இல்லாத வயல்வெளியில் நல்ல இருகண் தொலைநோக்கிக்கு எட்டும். கண்ணுக்குப் படுவது நீல நிறத் துணை விண்மீன் மட்டுமே என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.