முதலில் ஒரு ஸ்கார்ஃப், அப்புறம் சால்வை: குரோஷே பின்ன ஆரம்பிக்கிறவர்களுக்கு

மலேசியா மாதிரி வெயில் ஊரில் சால்வை எதற்கு என்று கேட்கிறவர்கள் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டும். கீழே செம்பனைத் தோட்டத்தைத் தாண்டும்போது சட்டை முதுகில் ஒட்டியிருக்கும். 59ஆம் எண் சாலையில் வளைந்து வளைந்து ஏறி தானா ராத்தாவில் இறங்கினால் 1,400 மீட்டருக்கு மேலே வந்துவிட்டோம், கை தானாக மார்பைக் கட்டிக்கொள்ளும். மலைக்கே போகாதவர்களுக்கும் ஏர்கான் இருக்கிறதே, பஸ்ஸில், பேங்கில், ஆஸ்பத்திரி வார்டில்.

எங்கள் தோட்டத்து லயத்தில் குரோஷே, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், புதுசு இல்லை. அத்தை வெள்ளை நூலில் பின்னிய விரிப்பு டிவி மேல், ரேடியோ மேல், சாமி மேடையில் கூட இருந்தது. ஆனால் அவர் யாருக்கும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததில்லை, பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். பார்க்க ஆள் இல்லாதவர்களுக்காகத்தான் இதை நிறுத்தி நிதானமாக எழுதுகிறேன்.

வாங்க வேண்டியது இரண்டே பொருள். கடையில் மலாயில் ‘ஜாரும் காயிட்’ என்று கேட்டால் கொக்கி ஊசியை எடுத்துத் தருவார்கள், 5 மில்லிமீட்டர் என்று பிடியில் போட்டிருப்பதைப் பாருங்கள். நூலுக்கு நம் சூட்டில் கம்பளி வேண்டாம், கழுத்தில் அரிக்கும். மில்க் காட்டன் என்று விற்கும் 50 கிராம் உருண்டைகளில் 5 இழை நூல் நல்லது, ஸ்கார்ஃபுக்கு 4 உருண்டை எடுங்கள். வெளிர் நிறமாக இருக்கட்டும், கறுப்பும் கருநீலமும் இப்போது வேண்டாம், கண்ணி, அதாவது நூல் வளையம், எங்கே இருக்கிறதென்றே தெரியாது. நாலு உருண்டையையும் ஒரே நாளில் வாங்குங்கள். சாயத் தொகுதி எண் என்று லேபிளில் ஒன்று இருக்கும், அது மாறினால் ஒரே நிறம் போலத் தெரிந்தாலும் பின்னி முடித்த பிறகு கோடு போட்ட மாதிரி காட்டிக்கொடுக்கும். கத்தரிக்கோலும் நாலைந்து ஊக்கும் வீட்டிலேயே இருக்கும்.

ஆரம்பிப்பதற்கு முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ‘டபுள் குரோஷே’ என்று ஒரு பின்னல் வகை உண்டு, அமெரிக்கப் பின்னல் குறிப்பில் அந்தப் பெயரில் வருவதும் பிரிட்டிஷ் குறிப்பில் வருவதும் ஒன்றல்ல. அமெரிக்கர்களின் சிங்கிளைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்கிறார்கள், அமெரிக்கர்களின் டபுள் அவர்களுக்கு ட்ரெபிள். நம் ஊரில் இரண்டு வகைக் குறிப்பும் கைக்குக் கை மாறுகிறது. குறிப்பில் எங்காவது ‘சிங்கிள்’ என்ற வார்த்தை வந்தால் அது அமெரிக்க முறை, ஏனென்றால் பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் என்று ஒன்று கிடையாது. நான் இங்கே எழுதுவது அமெரிக்க முறை.

முதல் படி: நேரான ஸ்கார்ஃப்

நழுவு முடிச்சு (நூலை இழுத்தால் இறுகும் வளையம்) ஒன்று போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலைக் கொக்கியில் பிடித்து அந்தக் கண்ணிக்குள் இழுத்தால் ஒரு சங்கிலி. இப்படி 27 சங்கிலி போடுங்கள். இறுக்கிப் போடாதீர்கள், புதிதாகப் பின்னுகிற எல்லோருக்கும் கை இறுகும், அடுத்த வரிசையில் ஊசி உள்ளே போகவே மறுக்கும்.

இனி டபுள். ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, ஊசியிலிருந்து எண்ணி நாலாவது சங்கிலிக்குள் விட்டு, நூலைப் பிடித்து வெளியே இழுங்கள். இப்போது ஊசியில் மூன்று கண்ணி. மறுபடி நூலைச் சுற்றி முதல் இரண்டுக்குள் இழுங்கள், இரண்டு மிஞ்சும். இன்னொரு தடவை சுற்றி அந்த இரண்டுக்குள்ளும் இழுத்தால் முடிந்தது, குட்டித் தூண் மாதிரி நிற்கும். மில்க் காட்டன் இழை பிரியும், கொக்கி பாதி இழையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தால் அப்படியே விடாமல் பின்னால் போய்ச் சரியாகப் பிடியுங்கள். ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு டபுள் போட்டுக்கொண்டே போனால் 24 வரும். ஆரம்பத்தில் விட்ட மூன்று சங்கிலியும் சேர்ந்து ஒரு தூணாக நிற்கிறது, ஆக 25.

அடுத்த வரிசைக்கு மூன்று சங்கிலி போட்டுத் துணியைத் திருப்புங்கள். அந்த மூன்றுதான் இந்த வரிசையின் முதல் தூண், அதனால் அதன் காலடியில் இருக்கும் தூணை விட்டுவிட்டு இரண்டாவதில் ஆரம்பியுங்கள். கடைசி டபுள் போகவேண்டிய இடம் போன வரிசையின் மூன்று சங்கிலியின் உச்சி.

அந்த உச்சியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லோரும் தவறுவது அங்கேதான். அது தூண் மாதிரி தெரியாது, ஓரத்தில் முடிச்சு போல ஒடுங்கிக் கிடக்கும். அதை விட்டுவிட்டால் வரிசைக்கு ஒன்று குறையும், 25 என்பது 24 ஆகும், 23 ஆகும், இரண்டு ஜாண் பின்னி மடியில் விரித்துப் பார்த்தால் ஸ்கார்ஃப் கூம்பிக்கொண்டு போயிருக்கும். என்னுடைய முதல் ஸ்கார்ஃப் அப்படித்தான் போனது. பாதிக்கு மேல் அவிழ்த்தேன், அன்று மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிசையிலும் மூன்றாவது சங்கிலி போட்டவுடனே அதில் ஊக்கைக் குத்திவிடுகிறேன், திரும்பி வரும்போது ஊக்கு இருக்கிற இடத்தில் கடைசி டபுள். வரிசை முடிந்ததும் 25 இருக்கிறதா என்று எண்ணுங்கள், பத்து வரிசைக்கு ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு வரிசைக்கும். 150 சென்டிமீட்டர் வந்ததும் நூலை வெட்டி, கடைசிக் கண்ணிக்குள் இழுத்து முடியுங்கள்.

இரண்டாம் படி: முக்கோணச் சால்வை

மேலே சொன்ன கூம்பல் இருக்கிறதே, எண்ணிக்கை மாறினால் துணியின் உருவம் மாறும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. அதையே கணக்கோடு செய்தால் சால்வை. ஸ்கார்ஃபில் எண்ணிக்கை மாறவே கூடாது, இதில் வரிசைக்கு இரண்டு கொத்து கூடியே ஆகவேண்டும்.

கொத்து என்றால் ஒரே ஓட்டைக்குள் போடும் மூன்று டபுள். நாலு சங்கிலி போட்டு, கொக்கியை முதல் சங்கிலிக்குள் விட்டு நூலை இழுத்து அப்படியே ஊசியில் இருக்கும் கண்ணிக்குள்ளும் இழுத்து வளையமாக்குங்கள். மறுபடி நாலு சங்கிலி, வளையத்துக்குள் ஒரு கொத்து, இரண்டு சங்கிலி, இன்னொரு கொத்து, ஒரு சங்கிலி, ஒரு தனி டபுள். முதல் வரிசை முடிந்தது. நடுவில் இருக்கும் அந்த இரண்டு சங்கிலி ஓட்டைதான் சால்வையின் முதுகெலும்பு, அதிலும் ஒரு ஊக்கு.

திருப்பி நாலு சங்கிலி. ஓரத்து ஓட்டையில் ஒரு கொத்து, ஒரு சங்கிலி, நடு ஓட்டையில் கொத்து, இரண்டு சங்கிலி, மறுபடி கொத்து, ஒரு சங்கிலி, கடைசி ஓட்டையில் ஒரு கொத்து, ஒரு சங்கிலி, போன வரிசையின் நாலு சங்கிலியில் மூன்றாவதில் ஒரு தனி டபுள். மூன்றாம் வரிசையிலிருந்து ஓரங்களும் நடு ஓட்டையும் இதே மாதிரி, வழியில் வரும் மற்ற ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு கொத்து, கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே ஒரு சங்கிலி. அவ்வளவுதான், கடைசி வரை இதேதான்.

சரிபார்ப்பதும் சுலபம், வரிசை எண்ணின் இரு மடங்கு கொத்து இருக்கவேண்டும். பத்தாம் வரிசையில் 20, முப்பதாம் வரிசையில் 60. ஒன்று குறைந்தால் முதலில் ஓரங்களைப் பாருங்கள், அங்கேதான் விட்டிருப்பீர்கள். மேல் விளிம்பு நீங்கள் கை விரித்த அகலத்துக்கு வந்ததும் நிறுத்தலாம், 30லிருந்து 35 வரிசை பிடிக்கும், 6 உருண்டை நூல் வைத்துக்கொள்ளுங்கள். நூல் நிறத்தை நடுவில் மாற்ற ஆசைப்பட்டால் வரிசை முடிவில் மாற்றுங்கள்.

கை பழகிய பிறகு: அன்னாசி

எல்லாச் சால்வையிலும் எனக்குப் பிடித்தது அன்னாசிப் பின்னல்தான். மெல்லிய பருத்தி நூல், 3 மில்லிமீட்டர் ஊசி. இதை எழுத்துக் குறிப்பாகப் படிப்பதைவிட வரைபடமாகப் பார்த்துப் பின்னுங்கள், முட்டை வடிவம் சங்கிலி, கூட்டல் குறி சிங்கிள், நடுவில் ஒரு சாய்கோடு போட்ட உயரமான டி டபுள். சிங்கிள் டபுளின் தங்கைதான்: முதலில் நூலைச் சுற்றாமல் ஊசியை விடுங்கள், வெளியே இழுத்தால் இரண்டு கண்ணி, இன்னொரு தடவை நூலைப் பிடித்து இரண்டுக்குள்ளும் இழுத்துவிடுங்கள்.

ஒரு அன்னாசி எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன், மற்றது தானே விளங்கும். ஒரே ஓட்டைக்குள் 10 டபுள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சங்கிலி. விசிறி மாதிரி விரியும், அதில் 9 இடைவெளி. அடுத்த வரிசையில் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு சிங்கிள், சிங்கிளுக்கும் சிங்கிளுக்கும் நடுவே மூன்று சங்கிலி. 8 வளைவு கிடைக்கும். அதற்கு மேல் வளைவுக்கு ஒரு சிங்கிள் வீதம் போட்டால் 7, பிறகு 6, இப்படி ஒன்று வரை இறங்கும். வளைவுகளெல்லாம் பழத்தின் கண்கள் போல அடுக்கடுக்காக நிற்க, மேலே கூர்மையாக முடியும். எங்காவது வளைவு குறையாமல் அப்படியே நின்றால் பழம் கூம்பாது, உடனே தெரிந்துவிடும்.

பின்னி முடித்தவுடன் சால்வை சுருங்கிப் போய் அழகில்லாமல் இருக்கும், அதைப் பார்த்து மனம் உடையாதீர்கள். நூல் முனைகளைத் தடித்த ஊசியால் பின்னலுக்குள் நாலு விரல் நீளத்துக்குச் செருகுங்கள். குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள், பிள்ளைகள் விளையாடும் ஃபோம் பாயில் விரித்து ஓரங்களை இழுத்துக் குண்டூசி குத்துங்கள். துருப்பிடிக்காத குண்டூசியாக இருக்கட்டும், நம் ஊர் ஈரத்தில் மற்றது ஒரே ராத்திரியில் கறை பிடித்துவிடும். காற்றாடிக்குக் கீழே முழுசாகக் காயவிடுங்கள், மழை மாதங்களில் இரண்டு நாளும் ஆகலாம். அவசரப்பட்டு இஸ்திரி போடாதீர்கள், மில்க் காட்டனில் பெரும்பாலும் அக்ரிலிக் கலந்திருக்கும், சூடு பட்டால் உருகித் துவண்டுவிடும், பிறகு என்ன செய்தாலும் மீளாது.

காய்ந்ததும் மடித்து அலமாரியில் வையுங்கள், ஹேங்கரில் மாட்டினால் தன் கனத்திலேயே நீண்டு தொங்கிவிடும்.