தைராய்டு மாத்திரையும் இதயமும்: எங்கே தவறுகிறோம்?

தைராய்டு மாத்திரையைத் தலைவலி மாத்திரை மாதிரி நினைப்பதுதான் பெரிய தவறு. "பத்து நாளா போடுறேன், படியேறினா இன்னும் மூச்சு வாங்குது" என்று பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏன் பொறுத்திருக்க வேண்டும் என்பது இதயத் தசைச் செல்லுக்குள் போய்ப் பார்த்தால் புரியும்.

தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள் போடும் இந்த மாத்திரையில் இருப்பது டி4 எனும் தைராய்டு ஹார்மோன். அது கல்லீரல் போன்ற உறுப்புகளில் ஓர் அயோடின் அணுவை இழந்து டி3 ஆன பிறகுதான் முழுசாக வேலை செய்யும். இதயம் டி3-ஐத் தானே அதிகம் தயாரிப்பதில்லை, இரத்தத்தில் வருவதையே நம்பியிருக்கிறது. செல்லுக்குள் நுழைந்த டி3, உட்கருவில் டிஎன்ஏ மேல் இருக்கும் ஏற்பியோடு (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) சேர்ந்து சில மரபணுக்களைத் தூண்டுகிறது, சிலவற்றை அடக்குகிறது. தூண்டப்படுபவற்றில் முக்கியமானது சர்க்கா எனும் கால்சியம் பம்புக்கான மரபணு. இதயம் சுருங்கும்போது செல்லின் திரவத்தில் கால்சியம் பாய்கிறது. சுருங்கி முடிந்ததும் அதைச் செல்லின் சேமிப்பறைக்குள் திரும்ப ஏற்றுவது சர்க்காதான். இந்தப் பம்பைத் தடுக்கும் ஃபாஸ்ஃபோலாம்பன் என்ற புரதத்தை டி3 குறைத்துவைக்கிறது. ஹார்மோன் போதாவிட்டால் கால்சியம் மெதுவாகத்தான் விலகும், தசை சரியாகத் தளராது, அடுத்த துடிப்புக்கான இரத்தம் நன்றாக நிரம்பாது. மூச்சு வாங்க இதுவும் ஒரு காரணம்.

புதுப் புரதங்கள் உருவாகிச் சேர நாளாகும். இரத்தத்தில் இருக்கும் டி4 பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் பிடிக்கிறது. அதனால்தான் மருந்தின் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து இரத்தத்தில் டிஎஸ்எச் பார்க்கிறார்கள். டிஎஸ்எச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; உடம்பில் தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் இது குறையும், போதாவிட்டால் கூடும்.

உடம்பு இளைக்க அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடுகிறார்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். டி3 மிகுந்தால் அட்ரினலினுக்கு இணங்கும் பீட்டா ஏற்பிகள் கூடும், இதயம் ஓய்விலும் வேகமாகத் துடிக்கும், மேலறைகளில் ஒழுங்கற்ற துடிப்பு தொடங்கலாம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1994-இல் சொன்னது இது: 60 வயதுக்கு மேல் டிஎஸ்எச் மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு, 10 ஆண்டுகளில் இந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு, டிஎஸ்எச் சரியாக இருந்தவர்களைவிட மூன்று மடங்கு. படபடப்பை 'டென்ஷன்' என்று தள்ளிவிடாமல் டிஎஸ்எச் பாருங்கள்.

அப்புறம், மாத்திரையைத் தே தாரேக்கோடோ (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கோப்பியோடோ போடாதீர்கள். குடல் உறிஞ்சுவது குறையும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பசியாறலாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் எனும் வைட்டமின் எடுப்பவர்கள், சோதனைக்கு இரத்தம் கொடுக்கும் முன்பே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். சில சோதனை முறைகளில் அது டிஎஸ்எச்சைக் குறைத்துக் காட்டும். அந்தத் தாளை நம்பி டாக்டர் உங்களுக்குத் தேவையான மருந்தையே குறைத்துவிடக்கூடும்.