சனிக்கிழமை இரண்டு மணி நேரம்

தக்கலையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாவது மாதமே எனக்கு வீடு கசந்துவிட்டது. ஒரு தொண்டு அமைப்பில் சேர்ந்தேன். மேடையில் உட்கார வைத்து 'தன்னம்பிக்கை' பற்றிப் பேசச் சொன்னார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. நான்கு கூட்டத்தோடு நின்றுவிட்டேன்.

வழி பக்கத்து வீட்டிலேயே இருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில் வேலை. மகள் கல்லூரியில் முதலாண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு அரசு தரும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அவளுக்கு வரவில்லை. "பாஸ்புக்கைக் கொண்டா மக்ளே" என்றேன். கணக்கில் ஆதார் இணைக்கவில்லை, அவ்வளவுதான். சரிசெய்து கொடுத்ததும் தோழிகள் இருவரைக் கூட்டி வந்தாள்.

அப்புறம் பேச்சைக் குறைத்தேன். சனிக்கிழமை இரண்டு மணி நேரம், என் வீட்டுத் திண்ணை, ஐந்து பேருக்கு மேல் கிடையாது. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுத்தே ஆக வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, அவர்களோடு சேர்ந்துதான் படித்தேன்.

கல்யாணப் பேச்சு வரும்போது அம்மாக்களிடம் பேசுவதும் என் வேலையாகிவிட்டது. அதுதான் கஷ்டம். போன வாரம் ஒருத்தி, "சரி அக்கா, ஒரு வருஷம் பொறுக்கேன்" என்றாள்.