கன்சோலுக்கு எந்த எஞ்சின்? கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

கிண்டியிலும் பெருங்குடியிலும் இயங்கும் சிறிய கேம் ஸ்டூடியோக்களில், கேமை உருவாக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் புரோகிராமரிடமே விடப்படுகிறது. மொபைல் கேம் செய்யும் வரை அதில் பெரிய கேடில்லை. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் என்று கன்சோல் பக்கம் திரும்பும்போது, கணக்குப் பார்ப்பவரும் உடனிருந்துதான் அந்த முடிவை எடுக்க வேண்டும். ஏனெனில் எந்த எஞ்சின் மலிவு என்பதைவிட, அதற்கான பணம் கேம் விற்பதற்கு முன் கையைவிட்டுப் போகிறதா, விற்ற பின் போகிறதா என்பதே சிறிய ஸ்டூடியோவுக்கு முக்கியம்.

எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்பே கன்சோல் நிறுவனத்தின் டெவலப்பர் திட்டத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். அவர்கள் ஏற்று, ரகசியக் காப்பு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் அந்தக் கன்சோலுக்கு நிரல் எழுதத் தேவையான எஸ்டிகே என்ற மென்பொருள் தொகுப்பு கிடைக்கும். எஞ்சினின் கன்சோல் பகுதியும் அதற்குப் பின்னரே திறக்கும். சோதனைக்காகக் கன்சோல் நிறுவனம் தரும் டெவ் கிட் பெட்டியைப் பலர் வந்துபோகும் கோ-வொர்க்கிங் மேசையில் வைத்து வேலை செய்ய இயலாது என்பதால், பூட்டுள்ள தனி அறையின் வாடகையையும் செலவில் எழுதுங்கள். எங்கள் ஸ்டூடியோவின் செலவுப் பட்டியலில் இந்த வரி விடுபட்டது. பெட்டி வந்திறங்கிய வாரத்தில் அறை தேடி ஓ.எம்.ஆர். முழுவதும் அலைந்தோம்.

அடுத்து, உரிமக் கணக்கு. அன்ரியல் எஞ்சினில் ஒரு கேமின் மொத்த வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டும் வரை ராயல்டி, அதாவது வருவாயில் எஞ்சின் நிறுவனத்துக்குத் தரும் பங்கு, இல்லை. தாண்டிய தொகைக்கு மட்டும் 5 சதவீதம். யூனிட்டி எஞ்சினில் ராயல்டி கிடையாது. ஆனால் கன்சோலுக்கு ப்ரோ உரிமமோ, கன்சோல் நிறுவனம் வழங்கும் உரிமச் சாவியோ தேவை. ப்ரோவின் விலை 2025 தொடக்கத்தில் ஒரு நபருக்கு ஆண்டுக்கு 2,200 டாலர் ஆயிற்று. நீங்கள் வாங்கும் நாளின் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் மூன்று ஆண்டு உழைக்கும் கேமுக்கு அந்த விலையில் 33,000 டாலர் ஆகிறது. கேம் 20 டாலருக்கு 40,000 பிரதி விற்றால் வருவாய் 8 லட்சம் டாலர். அன்ரியலுக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை, யூனிட்டிக்கோ 33,000 ஏற்கெனவே போயிருக்கும். ஒரு லட்சம் பிரதி விற்றால் அன்ரியலுக்கு 50,000 டாலர் தர வேண்டும். ஏறத்தாழ 83,000 பிரதியில் இரண்டும் சமமாகின்றன. அந்த எண்ணிக்கையை எட்டுவோம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாத ஸ்டூடியோ, ராயல்டியைக் கண்டு அஞ்சத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஆனால் அந்த 5 சதவீதம், கடை தன் பங்கை எடுப்பதற்கு முந்திய தொகைக்குக் கணக்கிடப்படுவது. கன்சோல் நிறுவனங்களின் ஆன்லைன் கடைகள் வழக்கமாக 30 சதவீதம் எடுப்பதால், 100 டாலர் விற்பனையில் உங்கள் கைக்கு வரும் 70 டாலரிலிருந்து 5 டாலர் போகிறது. அதாவது 7 சதவீதத்துக்கும் சற்று மேல். வெளிநாட்டு உரிமக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்ட வேண்டியிருக்கும். திரும்பக் கிடைக்கக்கூடியதானாலும் இடையில் பணம் முடங்கும். ஆடிட்டரிடம் முன்பே பேசுங்கள்.

நிரலை எவரும் பார்க்கக்கூடிய திறந்த மூல எஞ்சினான கோடோட் இலவசம். எனினும் ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கன்சோல் நிரலைத் திறந்த மூலத்தில் வெளியிட முடியாததால், கேமைக் கன்சோலுக்கு மாற்றும் போர்ட் வேலையை நீங்களே செய்ய வேண்டும், அல்லது டபிள்யூ4 கேம்ஸ் போன்ற நிறுவனங்களிடம் கட்டணம் செலுத்திச் செய்ய வேண்டும். கேம்மேக்கர் எஞ்சினில் கன்சோலுக்குத் தனிச் சந்தா உண்டு. இருபரிமாண கேமுக்கு அது போதும்.

விதிகள் நடுவழியில் மாறலாம் என்பதையும் மறக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் யூனிட்டி, நிறுவல் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்துப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 2024 செப்டம்பரில் அதை முழுவதுமாகக் கைவிட்டது. நீங்கள் வேலை தொடங்கும் நாளில் எந்தப் பதிப்பு, எந்த உரிம விதி என்பதை அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள்.

ஆள் கணக்கு இவற்றைவிடக் கனமானது. சென்னையில் மொபைல் கேமில் பழகிய யூனிட்டி புரோகிராமர்கள் எளிதில் கிடைக்கிறார்கள். சி++ நிரல்மொழியைக் கையாண்டு, வெளியீட்டுக்கு முன் கன்சோல் நிறுவனம் நடத்தும் சான்றிதழ்ச் சோதனையை ஒரு கேமையாவது தாண்ட வைத்த அன்ரியல் ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அத்தனை மாதமும் மற்ற நால்வரின் சம்பளம் நிற்காது. உரிமத்தில் மிச்சம் பிடித்தது அங்கே கரைந்துவிடும்.

முடிவெடுக்கும் முன், கேமின் மிகக் கனமான ஒரே காட்சியை மட்டும் செய்து, இருப்பதிலேயே திறன் குறைந்த கன்சோலில் ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 16 ஜிபி நினைவகம் இருந்தாலும், 10 ஜிபி மட்டுமே உள்ள சீரிஸ் எஸ்ஸிலும் கேம் ஓடியாக வேண்டும். பழைய ஸ்விட்சில் இருப்பது 4 ஜிபி. அங்கே திணறும் கேமைப் பின்னாளில் சீர்செய்வது பாதி கேமைத் திரும்பச் செய்வதற்குச் சமம்.

கேமை வெளியிடும் பப்ளிஷர் முன்பணம் தருகிறார் என்றால், எஞ்சின் ராயல்டி யார் கணக்கில், அவர் முன்பணத்தை மீட்பதற்கு முன்பா பின்பா என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அதை எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.